பழைய அரசு லேப்டாப்பில் எக்ஸ்புளோரரை ஒதுக்கிப் புது பிரவுசர் போடுவது எப்படி

துறையூரில் ஆன்லைன் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, விண்ணப்பம் நிரப்புவது. ஓரமாக ஒரு டேபிள் போட்டுப் பழைய லேப்டாப் சர்வீஸும் உண்டு. அந்த டேபிளுக்கு அதிகம் வருவது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். முதல் சில வருடங்களில் வந்தவை பெரும்பாலும் ஒரே வார்ப்பு: 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம். அக்காவுக்குப் பிளஸ் டூவில் கொடுத்தது, அக்கா கல்யாணமாகிப் போன பிறகு தம்பி கையில் இருக்கும்.

கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். “அக்கா, நெட்டே வர மாட்டேங்குது.”

நெட் வரும். வைஃபை சின்னத்தில் கோடு முழுசாக இருக்கும், சிக்னலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நீல ‘இ’யைத் திறந்து எந்தத் தளத்தைக் கேட்டாலும் “இந்தப் பக்கத்தைக் காட்ட முடியவில்லை” என்று வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நிற்கும். உடனே வீட்டில் “மெஷின் போச்சு, புதுசு வாங்கணும்” என்று பேச்சு ஆரம்பித்துவிடும். போனது மெஷின் இல்லை, பிரவுசர். அதை மட்டும் மாற்றினால் ரிசல்ட் பார்க்க, ஹால் டிக்கெட் எடுக்க, விண்ணப்பம் போட, பாடம் பார்க்க இந்த லேப்டாப் இன்னும் உழைக்கும்.

காரணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் வேலை சுலபம். விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபரில். கூடவே வந்த பிரவுசர் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8. இன்றைய தளங்கள் எல்லாம் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் பேசும். அந்தப் பூட்டின் பெயர் டிஎல்எஸ். அதன் 1.0, 1.1 பதிப்புகளை 2020 வாக்கில் எல்லாரும் கைவிட்டார்கள், இப்போது குறைந்தது 1.2 வேண்டும். விண்டோஸ் 7-க்குள் 1.2 இருக்கிறது, ஆனால் எக்ஸ்புளோரர் 8 அதை அணைத்தே வைத்திருக்கும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில் ‘யூஸ் டிஎல்எஸ் 1.2’ என்பதை டிக் செய்தால் சில தளங்கள் திறக்கும். திறந்தும் பயனில்லை. பட்டன்கள் அமுங்காது, பக்கம் கலைந்து கிடக்கும், ஏனென்றால் இன்றைய பக்கங்களில் எழுதியிருக்கும் ஸ்கிரிப்டை இது படிக்கப் பிறந்ததே இல்லை. எக்ஸ்புளோரர் 11 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அது 2013-இல் வந்தது, அதோடு அந்த வம்சமே முடிந்தது. ஆகவே எக்ஸ்புளோரரை ரிப்பேர் செய்வதில் நேரத்தைப் போடாமல், வேறு பிரவுசரைக் கொண்டுவந்து அதையே முதல் பிரவுசர் ஆக்கிவிட வேண்டும்.

முதலில் தேதியைப் பாருங்கள்

பிரவுசர் வேலை என்று உட்கார்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது திரையின் வலது கீழ் மூலைதான். பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். சார்ஜர் கழற்றி நாலு நாள் பீரோவில் வைத்தால் தேதி 2009 என்றோ 2010 என்றோ பின்னால் ஓடிவிடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை’ என்று இருக்கும். லேப்டாப் 2010-இல் உட்கார்ந்திருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். எந்தப் பிரவுசர் போட்டாலும் சிவப்பு எச்சரிக்கைதான் வரும்.

கடிகாரத்தைக் கிளிக் செய்து ‘சேஞ்ச் டேட் அண்ட் டைம்’ போய் வருடம், மாதம், நாள், மணி எல்லாவற்றையும் முதலில் கையால் சரி செய்யுங்கள். அதன் பிறகு ‘இன்டர்நெட் டைம்’ பக்கத்தில் ‘அப்டேட் நவ்’ அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ள மறுத்துவிடும். பலர் நேராக ‘அப்டேட் நவ்’ அழுத்திப் பார்த்து, பிழை வந்ததும் நெட் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டைம் ஜோன் பட்டியலில் +05:30 வரியில் சென்னை முதலாவதாக இருக்கும், அதுதான் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுநாளும் தேதி பின்னால் போனால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். சிஆர்2032 என்ற காசு வடிவப் பேட்டரி, வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். ஆனால் லேப்டாப்பில் சில மாடல்களில் அது சின்ன வயரோடு கீபோர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பிரித்துப் பழக்கமில்லை என்றால் கடையில் கொடுங்கள். கீபோர்டு ரிப்பன் அறுந்தால் பேட்டரி விலைக்குப் பல மடங்கு செலவு.

எந்தப் பிரவுசர்

இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் முடிவு: ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர்.

குரோம் வேண்டாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109, 2023 ஜனவரியில் வந்தது. எட்ஜுக்கும் அதே 109 தான். போட்டால் ஓடும், பழகிய முகமாகவும் இருக்கும். ஆனால் பாதுகாப்பு ஓட்டை அடைப்பு நின்று வருடக்கணக்கு ஆகிறது. மேலே ‘இனி அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 வேண்டும்’ என்று ஒரு பட்டை வந்து நின்றுகொண்டே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 115 வந்தது 2023 ஜூலையில், அதுவும் விண்டோஸ் 7-க்குக் கடைசிப் பதிப்புதான். ஆனால் ஈஎஸ்ஆர் என்பது நீண்ட கால ஆதரவுக் கிளை. புது வசதி எதுவும் சேராது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். பழைய விண்டோஸ்காரர்களுக்காக, ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மோஸில்லா இந்தக் கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்தது. முதலில் 2024 செப்டம்பர் என்றார்கள், பிறகு 2025 மார்ச், பிறகு செப்டம்பர், பிறகு 2026 மார்ச். நீங்கள் போடும் நாளில் கெடு எங்கே நிற்கிறது என்று மோஸில்லாவின் உதவிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8, 8.1 வைத்திருப்பவர்களுக்கும் இதே 115 தான்.

குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தைத் திருத்தி விண்டோஸ் 7-இல் புதுப் பதிப்பே ஓடும்படி ஆர்வலர்கள் செய்து தரும் பிரவுசர்களும் இருக்கின்றன. என் சொந்த மெஷினில் போட்டுப் பார்ப்பேன். இன்னொருவர் பாஸ்வேர்டு அடிக்கப் போகிற மெஷினில் போட மாட்டேன்.

அடுத்து, 32-பிட்டா 64-பிட்டா என்று தெரிய வேண்டும். ‘கம்ப்யூட்டர்’ ஐகானை ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இருக்கும். ஸ்டார்ட்டர் எப்போதும் 32-பிட்தான், அந்தப் பதிப்பில் 64 கிடையவே கிடையாது. வேறு யாராவது பின்னால் அல்டிமேட் ஏற்றியிருந்தால் அப்போது பார்த்து முடிவு செய்யுங்கள். அதே பக்கத்தில் மேலே ‘சர்வீஸ் பேக் 1’ என்று எழுதியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

போனில் இறக்கி பென்டிரைவில் ஏற்றுவது

புது பிரவுசரை இறக்கப் பழைய பிரவுசர் வேண்டும், பழைய பிரவுசரோ எதையும் திறக்காது. இந்த முடிச்சில்தான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். எக்ஸ்புளோரரில் தேடித் தேடி, திறக்கிற ஏதோ ஒரு இலவச மென்பொருள் தளத்திலிருந்து இறக்குவார்கள். கூடவே நாலு டூல்பார் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் போனே மேல்.

ஆண்ட்ராய்டு போனில் மோஸில்லாவின் தளத்துக்குப் போனால் அது நேராக பிளே ஸ்டோருக்குத்தான் தள்ளும். மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘டெஸ்க்டாப் சைட்’ டிக் செய்துகொள்ளுங்கள். பிறகு எல்லாப் பதிப்புகளும் உள்ள டவுன்லோட் பக்கத்தில் எக்ஸ்டெண்டட் சப்போர்ட் ரிலீஸ், விண்டோஸ் 32-பிட், மொழி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கவும். ஒன்றுக்கு மேற்பட்ட ஈஎஸ்ஆர் எண்கள் இருக்கும். பெரிய எண் நல்லது என்று 128, 140 பக்கம் போகாதீர்கள். அவை விண்டோஸ் 10-க்குக் கீழே ஏறாது. 115 என்று தொடங்குவதில் முதல் புள்ளிக்கு அடுத்த எண் எது பெரியதோ அதை எடுங்கள். ஃபைல் ஐம்பது எம்பிக்கு மேல் இருக்க வேண்டும். சில நூறு கேபியில் ஒரு ஃபைல் வந்தால் அது முழு இன்ஸ்டாலர் அல்ல. ஏற்றும்போது மிச்சத்தை நெட்டிலிருந்து இழுக்கும் சின்ன ஃபைல் அது, இந்த லேப்டாப்பில் அதை நம்ப முடியாது.

மொழியில் தமிழும் உண்டு. மெனு, எச்சரிக்கை எல்லாம் தமிழில் வரும். வீட்டில் அம்மா, அப்பா பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் நான் தமிழையே போட்டுத் தருகிறேன். மாணவர்கள் ஆங்கில மெனுவுக்குப் பழகியிருக்கிறார்கள், “அக்கா, செட்டிங்ஸ் எங்க போச்சு” என்று போன் வரும். எதைப் போட்டாலும் பிறகு செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்திலேயே மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பென்டிரைவில் ஏற்கெனவே ஒரு 115 வைத்திருப்பவர்கள் அதன் முழு எண்ணைப் பாருங்கள். 115.13-க்குக் குறைவாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இறக்குங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளுக்குள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியாகிவிட்டது. பிரவுசர் திறக்கும், ஆனால் ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) செயலிழந்து கிடக்கும், ஏன் என்றே தெரியாது.

இறக்கிய ஃபைலை, போனிலேயே செருகும் ஓடிஜி பென்டிரைவிலோ யுஎஸ்பி கேபிளிலோ லேப்டாப்புக்கு மாற்றுங்கள். கேபிள் என்றால் போனில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுத்தால்தான் லேப்டாப்பில் தெரியும், இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்ஸ்டாலர் எதையும் ஏற்ற வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கையெழுத்தைச் சரிபார்ப்பது

ஃபைலை டபுள் கிளிக் செய்வதற்கு முன் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’. அங்கே ‘மோஸில்லா கார்ப்பரேஷன்’ என்ற பெயர் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லை என்றால் அந்த ஃபைல் வேறு எங்கிருந்தோ வந்தது, அழித்துவிடுங்கள்.

சில லேப்டாப்பில் பெயர் சரியாக இருக்கும், ஆனாலும் ஏற்றும்போது ‘வெளியீட்டாளர் தெரியவில்லை’ என்று மஞ்சள் பட்டையோடு கேட்கும். குற்றம் ஃபைலில் இல்லை. இப்போதைய கையெழுத்துகள் எஸ்ஹெச்ஏ-2 முறையில் போடப்படுகின்றன, அப்டேட்டே பார்க்காத விண்டோஸ் 7-க்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் இதற்காக இரண்டு பேட்ச் (திருத்த ஃபைல்) கொடுத்தது: கேபி4490628, கேபி4474419. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தில் இந்த எண்களைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். இதையும் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். பட்டியலில் ‘எக்ஸ்86’ என்று இருப்பது 32-பிட்டுக்கு. முதலில் 4490628, பிறகு 4474419, பிறகு ரீஸ்டார்ட். இவை ஏற சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும், அதற்குத்தான் முன்பே பார்க்கச் சொன்னேன். இல்லையென்றால் அதையும் முதலில் ஏற்ற வேண்டிவரும், அது பெரிய ஃபைல், பொறுமையும் வேண்டும். அந்த நிலையில் இருக்கும் மெஷினை நான் வாடிக்கையாளரிடம் “நாளைக்கு வாங்க” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

ஏற்றுவது

இது சின்ன வேலை. இன்ஸ்டாலரைத் திறந்தால் ஸ்டாண்டர்டு, கஸ்டம் என்று கேட்கும். ஸ்டாண்டர்டே போதும். ‘யூஸ் ஃபயர்ஃபாக்ஸ் ஆஸ் மை டிஃபால்ட்’ என்ற டிக்கை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லாத லேப்டாப் என்றால், அனுமதி கேட்கும் இடத்தில் ‘நோ’ கொடுத்தாலும் அந்த ஒரு பயனருக்கு மட்டும் ஏறிக்கொள்ளும்.

ஏறியதும் மெனுவில் ஹெல்ப், ‘அபவுட் ஃபயர்ஃபாக்ஸ்’. பதிப்பு எண் தெரியும், புதுத் திருத்தம் இருந்தால் அங்கேயே தானாக இறங்கும். இனிமேல் அப்டேட் என்றால் இந்த ஒரே வழிதான் என்று வாடிக்கையாளருக்குக் காட்டிவிடுங்கள். ஏதோ சினிமா தளத்தில் போகும்போது பக்கத்துக்கு நடுவே ‘உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்தவும்’ என்று வருவது அப்டேட் இல்லை, வலை. பார்க்க அசல் மாதிரியே செய்திருப்பார்கள்.

எக்ஸ்புளோரரில் சேமித்த ஃபேவரிட்ஸ் வேண்டுமென்றால் புக்மார்க் மேனேஜரில் ‘இம்போர்ட் அண்ட் பேக்அப்’ வழியாக எடுக்கலாம். அதற்கு முன் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர் பெயரில் இருக்கும் ‘ஃபேவரிட்ஸ்’ ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது 2013-இல் பார்த்த ரிசல்ட் பக்கம்தான். இருந்தாலும் அது அவருடையது.

நிஜமாகவே முதல் பிரவுசர் ஆக்குவது

ஏற்றியதோடு விட்டுவிட்டால் இரண்டு பிரவுசர் இருக்கும், பழையதுதான் திறக்கும். பிடிஎஃப்பில் உள்ள லிங்கை அழுத்தினால் எக்ஸ்புளோரர், ஹெல்ப் அழுத்தினால் எக்ஸ்புளோரர். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் ‘மேக் டிஃபால்ட்’ அழுத்திவிட்டு, அது பிடித்ததா என்று கன்ட்ரோல் பேனலிலும் பார்க்க வேண்டும். டிஃபால்ட் புரோகிராம்ஸ், ‘செட் யுவர் டிஃபால்ட் புரோகிராம்ஸ்’, இடது பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸ். ‘சூஸ் டிஃபால்ட்ஸ் ஃபார் திஸ் புரோகிராம்’ உள்ளே ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல், ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் எல்லாவற்றிலும் டிக் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் விட்டுப்போனால் லிங்குகள் எல்லாம் பழைய வீட்டுக்கே போகும்.

அதே டிஃபால்ட் புரோகிராம்ஸ் பக்கத்தில் கடைசியாக ‘செட் புரோகிராம் ஆக்சஸ் அண்ட் கம்ப்யூட்டர் டிஃபால்ட்ஸ்’ என்று ஒரு வரி கிடக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான். விண்டோஸோடு பிரவுசரைக் கட்டி விற்றதற்காக மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கின் சமரசத்தில் பிறந்த மெனு அது. 2002-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கோடு வந்தது. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2010-இல் இருந்து அங்கே விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘எந்தப் பிரவுசர் வேண்டும்’ என்று கேட்கும் திரையே வந்தது. விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-இல் அந்தத் திரையைக் காட்டாமல் விட்டதற்காக 2013 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு விழுந்த அபராதம் 56.1 கோடி யூரோ. நமக்கு அப்படி எந்தத் திரையும் வரவில்லை. நீல ‘இ’தான் இன்டர்நெட் என்றே ஒரு தலைமுறை படித்து வந்தது.

அந்த வரியைத் திறந்து ‘கஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். வெப் பிரவுசர் என்ற இடத்தில் ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்து, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு நேராக உள்ள ‘எனேபிள் ஆக்சஸ்’ டிக்கை எடுத்துவிட்டு ஓகே. ஸ்டார்ட் மெனுவில் இருந்து எக்ஸ்புளோரர் ஐகான் மறையும், ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ போய் எக்ஸ்புளோரரை முழுக்க அணைக்கவும் வழி உண்டு, அந்த வசதி முதலில் வந்ததே விண்டோஸ் 7-இல்தான். அணைத்தால் மேல் ஓடு மட்டும்தான் போகும், பக்கத்தை வரையும் இன்ஜின் விண்டோஸுக்குள் இருந்தே தீரும். ஹெல்ப் ஜன்னல்கள், வேறு மென்பொருள்கள் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. கடையில் பழைய அக்கவுண்ட் மென்பொருளோ, எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் டிஜிட்டல் கையெழுத்து வேலையோ இருந்தால் அணைத்த மறுநாளே ஆள் வந்து நிற்பார். ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலேயே ஜாவா மாதிரியான செருகு நிரல்களைக் கைவிட்டுவிட்டது, அந்த வேலைக்கு அது உதவாது. ஆக, மறைக்கலாம், பிடுங்க வேண்டாம்.

டாஸ்க்பாரில் ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் நீல ‘இ’யை ரைட் கிளிக் செய்து ‘அன்பின்’ கொடுங்கள். அதே இடத்தில் ஃபயர்ஃபாக்ஸை பின் செய்யுங்கள். விரல் பழகிய இடம் அது, அங்கே இல்லை என்றால் தேடுவார்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் பெயரை ‘இன்டர்நெட்’ என்று மாற்றி வைத்தால் வயதானவர்களுக்கு வசதி. சிலர் ஒரு படி மேலே போய் ஃபயர்ஃபாக்ஸுக்கு எக்ஸ்புளோரரின் ஐகானையே மாட்டிவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. நாளைக்குப் போனில் கேட்டால் அவர் எதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஒட்டுண்ணிகள்

பல வருடம் எக்ஸ்புளோரர் ஓடிய மெஷினில் ஆஸ்க் டூல்பார், பாபிலோன் டூல்பார் என்று ஏதாவது கிடக்கும். ஜாவா ஏற்றும்போது டிக் எடுக்காமல் விட்டவர்கள் எல்லாரிடமும் ஆஸ்க் இருந்தது. புரோகிராம்ஸ் பட்டியலில் தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்து, யாரும் வேண்டுமென்று ஏற்றாதவற்றை நீக்குங்கள். பிறகு ஷார்ட்கட்டுகள். ஒவ்வொரு பிரவுசர் ஷார்ட்கட்டிலும் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ‘டார்கெட்’ வரி ‘டாட் இஎக்ஸ்இ’ என்று மேற்கோள் குறியோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு தள முகவரி ஒட்டியிருந்தால் அழித்துவிடுங்கள். ஹோம்பேஜை எத்தனை முறை மாற்றினாலும் வேறு பக்கம் திறக்கிறது என்றால் அநேகமாகக் காரணம் இதுதான்.

2 ஜிபி ராமில் ஓட்டுவது

ஃபயர்ஃபாக்ஸ் புதிது, மெஷின் பழையது. ஏழெட்டு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ராம் குறையும்போது பார்க்காத டேப்களைத் தானே இறக்கி வைக்கும் வசதி 93-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனாலும் அதை நம்பி இருபது டேப் திறக்க முடியாது. விளம்பரத்தைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்ற ஆட்-ஆனை மோஸில்லாவின் ஆட்-ஆன்ஸ் பக்கத்திலிருந்து கட்டாயம் போடுகிறேன். ராமுக்கும் நல்லது, டேட்டாவுக்கும் நல்லது, தவறான பட்டனை அமுக்கும் வாய்ப்பும் குறையும். அதற்கு மேல் எந்த ஆட்-ஆனும் வேண்டாம். முடிந்தால் இன்னொரு 2 ஜிபி ராம் துண்டு வாங்கிப் போடுங்கள். ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, அதனால் இந்த யோசனை வேறு விண்டோஸோ லினக்ஸோ இருப்பவர்களுக்கு மட்டும்.

தமிழ் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று சொல்வார்கள். விண்டோஸ் 7-இல் தமிழுக்கு இருப்பது லதா, விஜயா எழுத்துருக்கள். பார்க்கச் சுகமான நிர்மலா வந்தது விண்டோஸ் 8-இல்தான். செட்டிங்ஸ், ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு போய் மேலே மொழியைத் ‘தமிழ்’ என்று வைத்து, குறைந்தபட்ச அளவை 14 அல்லது 15 ஆக்கினால் கண்ணுக்கு எட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி ஏற்றிவிட்டு இங்கேயே அதைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கொடுப்பதற்கு முன்

ஒரு தடவை ரீஸ்டார்ட். தேதி நிற்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு பிடிஎஃப் திறந்து அதில் உள்ள லிங்கை அழுத்தி, எது திறக்கிறது என்று பாருங்கள். அவர் எந்த வேலைக்காக லேப்டாப்பைக் கொண்டு வந்தாரோ அந்தத் தளத்தை அவர் முன்னாலேயே திறந்து, படிவம் நிரப்புகிற பக்கம் வரை போய்க் காட்டுங்கள். முகப்பு மட்டும் திறந்தால் போதாது, உள்ளே ஓடிபி வரும் இடத்தில் சில தளம் நின்றுவிடும்.

நெட் பேங்கிங்கை இந்த லேப்டாப்பில் செய்யாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன். பிரவுசர் புதிது என்றாலும் அடியில் இருப்பது 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்த விண்டோஸ். பணம் போனிலேயே இருக்கட்டும்.

115-க்கும் கெடு முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால், அப்போது லினக்ஸ்தான். கூடவே வந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்தது, அந்தக் காலத்துப் பதிப்பு அப்படியே கிடப்பதால் அதில் உள்ள பிரவுசரும் பழசாகத்தான் இருக்கும். அதைத் தட்டி எழுப்புவதைவிட, சிபியு 64-பிட்டைத் தாங்குமா என்று பார்த்து ஒரு லேசான புது லினக்ஸ் போடுவது மேல். 32-பிட் லினக்ஸுக்கும் மோஸில்லா 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது, அதனால் சிபியுவைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். அதை எப்படிச் செய்வது என்பது இதைவிட நீளமான சமாச்சாரம்.

இறக்கிய இன்ஸ்டாலரையும் அந்த இரண்டு பேட்ச் ஃபைலையும் டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் காப்பி விட்டுவிட்டு, ஃபோல்டர் பெயரிலேயே தேதியைப் போட்டு வையுங்கள். அடுத்து எந்தக் கடைக்கு எடுத்துப் போனாலும் அவர்கள் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.